குளிருக்கு அஞ்சாத கிருமி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் கருவுற்றிருக்கிறாள் என்ற வரியைப் படித்ததுமே கடிதத்தை மனைவியிடம் நீட்டிவிட்டேன். அவளுக்கும் அவ்வளவு மகிழ்ச்சி. பிறகுதான் இரண்டாம் பக்கத்துக்கு வந்தேன். செம்மறி ஒன்று தலையைச் சாய்த்தபடி ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து சில நாட்களில் செத்துப்போனது, மற்றொன்று மாதம் நிறையும் முன்பே குட்டி வீசிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். மகளின் செய்தியையும் ஆட்டின் செய்தியையும் நான் தனித்தனியாகப் படிக்கவில்லை. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

எனக்கு லிஸ்டீரியா என்ற கிருமி மீதுதான் சந்தேகம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. மூளையில் நாடாப்புழுவின் கட்டி வளர்ந்தாலும் ஆடு வட்டமடிக்கும். ஆனால் அது வாரக்கணக்கில் மெல்ல முற்றும். லிஸ்டீரியா அப்படிக் காத்திருக்காது. இனி ஏதாவது ஆடு சோர்ந்து நின்றால் அதன் முகத்தை நேராக நின்று பார். ஒரு காது மட்டும் தொங்கும், அதே பக்கத்து இமை தாழ்ந்திருக்கும், உதடு கோணி எச்சில் ஒழுகும். கன்னத்தைத் தொட்டால் மென்ற தீவனம் விழுங்கப்படாமல் உள்ளே அடைந்து கிடப்பது தெரியும். வாயில் உள்ள சின்னக் காயம் வழியாக நரம்பில் ஏறி, அந்த நரம்பு வழியே மூளைத்தண்டுக்குப் போய்விடுகிறது இந்தக் கிருமி. தொடக்கத்திலேயே பெனிசிலின் போட்டால் பிழைக்க வாய்ப்புண்டு. படுத்துவிட்டால் மிகக் கடினம்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாய். மண்ணிலும் சாணத்திலும் எங்கும் இருப்பதுதான். ஆனால் நீ போடும் ஊறுகாய்ப்புல்லை, அதாவது குழியில் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பசும்புல்லை, முதலில் பார். நன்றாகப் புளித்த புல்லில் அதனால் பெருக முடியாது. காற்றுப் புகுந்து அமிலம் குறைந்த இடத்தில், அதாவது பூசணம் பிடித்த மேலடுக்கிலும் ஓரங்களிலும், தாராளமாகப் பெருகும். அந்தப் பகுதியை ஆட்டுக்கும் போடாதே, மாட்டுக்கும் போடாதே.

இது உணவு வழியாக மனிதருக்கு வருகிறது என்பது தெளிவாக நிரூபிக்கப்பட்டதே 1981-இல் கனடாவில் நடந்த ஒரு நிகழ்வுக்குப் பிறகுதான். முட்டைக்கோஸைப் பச்சையாக நறுக்கிச் செய்யும் சாலட்டைச் சாப்பிட்டு 41 பேர் நோயுற்றார்கள். அவர்களில் 34 பேர் கர்ப்பிணிகளும் பச்சிளங்குழந்தைகளும். அந்த முட்டைக்கோஸை விளைவித்தவர் செம்மறியும் வளர்த்தார். அவருடைய ஆடுகள் லிஸ்டீரியாவால் இறந்திருந்தன. அந்த மந்தையின் எருதான் வயலுக்குப் போயிருந்தது. அறுவடையான முட்டைக்கோஸைக் குளிர்காலம் முழுவதும் குளிர்ந்த கிடங்கில் வைத்திருந்தார்கள்.

அந்தக் கிடங்குதான் என்னை இன்றும் உறுத்துகிறது. மற்ற பல கிருமிகளைக் குளிர் அடக்கி வைக்கும். இது நான்கு டிகிரியிலும் மெதுவாகப் பெருகிக்கொண்டே இருக்கும். பிரிட்ஜில் இருந்தால் கெடாது என்று நாம் நம்பும் நாட்களில்தான் இதற்கு வேண்டிய அவகாசம் கிடைக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2017-இலும் 2018-இலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே காரணம், சூடுபடுத்தாமல் அப்படியே உண்ணும் பதப்படுத்திய இறைச்சி.

இப்போது உன் மகள். அவளை அச்சுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இந்த நோய் அரிதானது. ஆனால் கர்ப்பிணிகளுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு எளிதில் தொற்றும். தாய்க்கு லேசான காய்ச்சலும் உடல்வலியுமாக வந்து போய்விடும். அதற்குள் கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போயிருக்கும். சாப்பிட்டுப் பல வாரங்கள் கழித்தும் நோய் தலைகாட்டலாம் என்பதால் எந்த உணவு காரணம் என்று யாருக்கும் தோன்றாது. காய்ச்சாத பாலும் அதில் செய்த பாலாடைக்கட்டியும் அவளுக்கு வேண்டாம். பிரிட்ஜில் இருந்து எடுத்த சமைத்த உணவை ஆவி பறக்கச் சூடாக்கிய பிறகே அவள் சாப்பிடட்டும். பச்சையாக உண்பதை ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள்.

ஆட்டுப்பட்டிக்குள் அவள் போகவே கூடாது, குட்டி ஈனும் நேரத்தில் உதவிக்கும்கூட. வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் நீயே கையுறை போட்டு எடு. ஆனால் புதைப்பதற்கு முன் உங்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டு. ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் என் சந்தேகம் சரியா என்று தெரியும். குட்டி வீசுவதற்கு வேறு காரணங்களும் உண்டு, அவற்றில் சிலவும் மனிதருக்குத் தொற்றக்கூடியவை.

அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீட்டில் ஆடு இருப்பதையும் அவற்றுக்கு நேர்ந்ததையும் அவரிடம் சொல்லுங்கள். சொன்னால்தான் இரத்தப் பரிசோதனை செய்வார். ஆம்பிசிலின் போன்ற மருந்தை நேரத்தோடு கொடுத்தால் குழந்தையைக் காப்பாற்ற வாய்ப்புண்டு.

ஊறுகாய்ப்புல் குழியை எப்போது திறந்தாய், வெட்டிய முகப்பை எப்படி மூடி வைக்கிறாய், மீதி ஆடுகள் தீவனம் எடுக்கின்றனவா என்று எழுது. கடிதத்துக்குக் காத்திராமல் தொலைபேசியில் அழைத்தாலும் சரி.

அன்புடன்,
உன் பழைய தோழன்