முதல் வெளிநாட்டுக் கச்சேரியின் ரசிகர் நாடாவை வெளியிடப்போகும் ராக் குழுக்களுக்கும் இசை நிறுவனங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நாற்பதாம் ஆண்டு, ஐம்பதாம் ஆண்டு என்று பழைய குழுக்கள் விழா எடுக்கும் காலம் இது. விழாப் பெட்டிக்குள் வைக்க யாரும் கேட்டிராத ஏதாவது ஒன்று வேண்டும். உங்கள் கிடங்கைத் துழாவி முடித்த பிறகு, கை நீளும் இடம் யாரோ ஒரு ரசிகரின் அலமாரிதான். முதன்முதலாகக் கடல் கடந்து போய் வாசித்த இரவை நீங்கள் பதிந்து வைக்கவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த ஒருவர் கோட்டுக்குள் ரெக்கார்டிங் மெஷினை மறைத்து வைத்துப் பதிந்திருக்கிறார். அப்படிப்பட்ட நாடாக்களைப் படியெடுப்பவர்கள், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் நாங்கள். வெளியிடுங்கள், சந்தோஷம். ஆனால் “சரிசெய்து” வெளியிடாதீர்கள். கேட்பது இவ்வளவுதான். ஏன், எப்படி என்பதற்குத்தான் இந்த நீளம்.

மேடை ஒலியைக் கலக்கும் மிக்ஸரிலிருந்து நேராக எடுத்த நாடா எங்காவது இருக்காதா என்று முதலில் ஏங்குவீர்கள். இருந்தாலும் ஏமாற்றும். முதல் பயணத்தில் கிடைப்பது பெரும்பாலும் சின்ன அரங்கு. டிரம்ஸும் கிதார் ஆம்ப்பும் மேடையிலிருந்தே செவியைப் பிளக்கும் என்பதால் ஒலிபெருக்கிக்குப் போவது குரலும் கொஞ்சம் கீபோர்டும் மட்டுமே. மிக்ஸர் நாடாவில் பாடகர் காதருகே இருப்பார், கிதார் அடுத்த அறையில் இருக்கும். அரங்கின் பத்தாவது வரிசையில் ஒருவர் பிடித்த மைக்கில்தான் எல்லாம் ஒன்றுசேர்ந்து விழுந்திருக்கும். லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1968 டிசம்பர் இறுதியில் முதன்முறை அமெரிக்கா போனபோது ஸ்போகேன் நகரில் வாசித்தது கூட்டத்தில் இருந்த ஒருவரின் பதிவாகவே மிஞ்சியிருக்கிறது. அந்தக் குழுவின் புழக்கத்தில் உள்ள மேடைப் பதிவுகளில் ஆகப் பழையது அதுதான்.

முதல் வேலை, கையில் இருப்பது மூலநாடாவா, பிரதியா என்று பார்ப்பது. உறையில் “மாஸ்டர்” என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பிரதி எடுத்தவர்கள் உறையில் இருந்ததையும் சேர்த்தே பிரதி எடுத்தார்கள். முதல் பக்கத்தின் முடிவைக் கேளுங்கள். மூலநாடாவில் பாட்டு நாடாவின் கடைசி அங்குலம் வரை ஓடி, நுனியில் உள்ள, எதுவும் பதியாத வெறும் முன்நாடாவில் பொட்டென்று அறுந்து நிற்கும். பாட்டு அறுந்த பிறகும் அரை நிமிடம் வெறும் நாடா ஓடுகிறதென்றால், வேறு நீளமுள்ள கேசட்டில் இறக்கிய பிரதியாக இருக்க வாய்ப்பு அதிகம். பாட்டுகளுக்கு நடுவே பாஸ் பட்டனை அழுத்திய இடங்களில் பின்னணி உஸ் சத்தமும் சேர்ந்து நின்றுபோகிறதா, அல்லது இசை நின்ற பிறகும் ஒரு அடுக்கு உஸ் தொடர்கிறதா என்பதும் ஒரு சாட்சி. தொடர்ந்தால் அது படியெடுத்த மெஷினின் உஸ்.

நாடா வந்ததும் கேசட்டை ஓட்டும் டெக்கில் போட்டுவிடாதீர்கள். பின்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளும் உடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லையென்றால் உடையுங்கள். தவறிப்போய் ரெக்கார்ட் பட்டன் அழுந்தினால் அந்த இரவு போயிற்று. பிறகு வாய்ப்பகுதியைப் பாருங்கள். நாடாவை, அதைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு, பசை காய்ந்து விழுந்திருக்கும். அது இல்லாமல் ஓடவிட்டால் சத்தம் ஏறி இறங்கும், சிம்பல் கம்பளிக்குள்ளிருந்து ஒலிப்பதுபோலக் கேட்கும். நாடாவே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியவர்களும் உண்டு. ஐந்து ஸ்க்ரூ உள்ள நல்ல காலிக் கூட்டுக்குள் சுருளை அப்படியே மாற்றுங்கள். கூடு ஒட்டப்பட்ட வகையானால் விளிம்பில் பிளந்து திறக்க வேண்டும், அவசரம் கூடாது. வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே வேண்டாம். சூடேற்றிக் காயவைக்கும் வைத்தியம் 1970, 80களின் சில ரீல் நாடாக்களின் பிசுபிசுப்புக்கு உரியது. கேசட்டை அடுப்பில் வைத்தால் கூடுதான் வளையும். சி-120 நாடா (இரு பக்கமும் சேர்த்து 120 நிமிடம்) என்றால் கூடுதல் கவனம். சி-60 நாடா சுமார் 18 மைக்ரான் தடிமன், சி-90 12, சி-120 வெறும் 9. வேகமாகச் சுற்றினால் இழுபடும். பாட்டு ஓடும் வேகத்திலேயே ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் ஓட்டிச் சுருளைச் சமன்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து ஹெட்டின் சாய்வு. பதிந்த மெஷினின் ஹெட் ஒரு நூலளவு சாய்ந்திருந்தால், நேராக நிற்கும் உங்கள் விலை உயர்ந்த டெக்கில் உச்ச ஒலிகள் காணாமல் போகும். இரண்டு சானலையும் ஒன்றாக்கி மோனோவில் கேட்டபடி, ஹெட்டின் பக்கத்துச் சிறு ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். சிம்பலின் ஓசை சட்டென்று திறந்துகொள்ளும் புள்ளி ஒன்று உண்டு, அங்கே நிறுத்துங்கள். இரண்டாம் பக்கத்துக்கு மறுபடி செய்ய வேண்டும், ஏனென்றால் திருப்பிப் போட்ட நாடா கூட்டுக்குள் வேறு கோணத்தில் ஓடும். இதை விட்டுவிட்டுப் பிறகு கணினியில் ட்ரெபிளை ஏற்றினால் ஏறுவது உஸ் மட்டுமே. உஸ் குறைக்கும் டால்பி வசதியைப் போட்டுப் பதிந்ததற்கு உறுதியான சாட்சி இல்லையென்றால் டால்பியை அணைத்தே படியெடுங்கள். வேண்டுமென்றால் பிறகு போட்டுக்கொள்ளலாம், எடுக்க முடியாது. கணினியில் பதிவது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். அந்தக் கோப்பை யாரும் தொடக்கூடாது.

இனி வேகம். அதிகம் கெடுப்பது இதில்தான்.

பேட்டரியில் ஓடிய மெஷின் கச்சேரி போகப் போகச் சோர்ந்திருக்கும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி மேலே ஏறும். அதனால் கடைசிப் பாட்டுகளில் பாடகர் ஏதோ உற்சாகத்தில் கால் கட்டை உயர்த்திப் பாடுவதுபோலத் தோன்றும். உங்கள் இன்ஜினியர் என்ன செய்வார் என்று தெரியும்: ஸ்டுடியோ ஆல்பத்தைப் பக்கத்தில் வைத்து, அதே சுருதி வரும்வரை நகர்த்துவார். மேடையில் அரைக்கட்டை இறக்கி வாசித்த குழுவாக இருந்தால், அந்த ஒரு சொடுக்கில் சுமார் 6 சதவீதம் வேகம் பிசகும். டிரம்மர் எல்லாவற்றையும் அவசர அவசரமாக அடித்ததாக வரலாறு எழுதப்படும்.

அதற்குப் பதில் அரங்கின் கரன்ட்டைக் கேளுங்கள். பாட்டுகளுக்கு இடையில் கிதார் ஆம்ப் சும்மா நிற்கும்போது ஒரு ரீங்காரம் வரும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் அது 50லும் 100லும் இருக்கும், 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 60லும் 120லும். எந்த அலைவெண்ணில் எவ்வளவு ஒலி என்று கணினி காட்டும் அலைமாலைப் படத்தில் மெல்லிய கோடாகத் தெரியும். 100ல் இருக்க வேண்டிய கோடு 103ல் இருந்தால், நாடா 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது, ஏறக்குறையக் கால் கட்டை. ஒவ்வொரு பாட்டு இடைவெளியிலும் அளந்து குறித்துக்கொண்டால், பேட்டரி எப்படி இறங்கியது என்ற வளைகோடே கிடைத்துவிடும். அந்தக் கோட்டின்படி திருத்துங்கள், மொத்தமாக ஒரே எண்ணால் திருத்தாதீர்கள்.

வெளிநாட்டுக் கச்சேரி என்பதால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பதிந்தவரின் நாடா பிறகு உங்கள் நாட்டுக்கு வந்து அங்கே படியெடுக்கப்பட்டிருக்கலாம். அப்போது இரண்டு கோடுகள் தெரியும்: ஆடாமல் அசையாமல் 60ல் ஒன்று, மெல்ல மேலேறிக்கொண்டே போகும் 51, 52ல் இன்னொன்று. அசையாத கோடு கடைசியாகப் படியெடுத்த மெஷினுடையது. ஊர்ந்து ஏறுவதுதான் அந்த இரவின் கோடு. அவசரக்காரர்கள் அசையாததைப் பிடித்துக்கொண்டு “வேகம் சரியாகத்தான் இருக்கிறது” என்பார்கள்.

ஆர்கன் உள்ள குழுவென்றால் இன்னொன்றும் கவனியுங்கள். பழைய ஹாமண்ட் ஆர்கனின் சுருதியை நிர்ணயிப்பது கரன்ட்டின் அலைவெண்ணோடு சுழலும் மோட்டார். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை 50ல் செருகினால் மூன்று அரைக்கட்டைக்கும் மேலே இறங்கிவிடும். அதற்காக அலைவெண் மாற்றி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள், இல்லை அந்த ஊரிலேயே வாடகைக்கு எடுத்தார்கள். மாற்றி பிசகினால் ஆர்கன் பிசகும். ஆர்கனைத் திருப்ப முடியாது என்பதால் கிதார்காரர்கள் அதற்குச் சேர்த்துக்கொள்வார்கள். அன்று முழுக் குழுவும் வழக்கமான சுருதியான 440 ஹெர்ட்ஸில் இல்லாமலே வாசித்திருக்கலாம். ரீங்காரக் கோடு சரியாக இருந்து சுருதி மட்டும் தள்ளியிருந்தால், அதுதான் நடந்தது. விட்டுவிடுங்கள்.

சத்தம் நீக்கும் மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாக. கைத்தட்டலும் நாடாவின் உஸ்ஸும் ஒரே அலைவரிசைகளில் பரவிக் கிடப்பவை. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றதும் வரும். கூட்டம் குழாய்க்கடியில் நின்று தட்டுவதுபோல ஆகிவிடும். மைக்குக்குப் பக்கத்தில் ஒருவர் தாளம் தட்டுகிறார் என்றால், அந்தந்தத் தட்டலைக் கையால் தேடிச் சில மில்லிசெகண்டுக்கு மட்டும் தணியுங்கள். தானியங்கிக் கருவியிடம் கொடுத்தால் அது ஸ்னேர் டிரம்மையும் சேர்த்து விழுங்கும். மெஷினே சத்தத்தைக் கட்டுப்படுத்திய வகையானால், ஒவ்வொரு பெரிய அடிக்குப் பிறகும் எல்லாம் அமுங்கி மெல்ல எழும்பும். அதற்கு மருந்தில்லை. பாடகர் அந்த ஊர் மொழியில் தட்டுத் தடுமாறி வணக்கம் சொல்வதும், யாரோ பின்னாலிருந்து சிரிப்பதும் “தேவையில்லாத பேச்சு” அல்ல. முதல் பயணத்தில் வேறெங்கே கிடைக்கும் அது?

சி-90 நாடாவின் ஒரு பக்கம் 45 நிமிடத்தில் முடியும். திருப்பிப் போடும்போது ஒரு பாட்டின் நடு அறுந்திருக்கும், அநேகமாக நீளமான பாட்டு. வேறு இரவின் துண்டை ஒட்டி மறைக்காதீர்கள். ஒட்டினால் எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை என்று உறையில் போடுங்கள். அதே இரவை இன்னொருவரும் பதிந்திருந்தால் அது அதிர்ஷ்டம். ஆனால் அவர் 17 மீட்டர் பின்னால் உட்கார்ந்திருந்தால் ஒலி அவரை 50 மில்லிசெகண்டு தாமதமாகச் சேர்ந்திருக்கும், அவருடைய மெஷினும் வேறு வேகத்தில் ஓடியிருக்கும். இரண்டையும் கலந்து முழுக் கச்சேரியையும் கனமாக்கப் பார்க்காதீர்கள். ஓட்டையை அடைக்க மட்டும் பயன்படுத்துங்கள். சிடியில் பாட்டுகளைப் பிரிக்கும்போது வெட்டு 588 ஒலி மாதிரிகளின் (சிடியின் ஒரு சட்டகம்) மடங்கில் விழ வேண்டும், இல்லையேல் சில நிரல்கள் மிச்சத்தை வெறுமையால் நிரப்பும். தொடர்ந்து ஓடும் கைத்தட்டலுக்கு நடுவே ‘டிக்’ என்று கேட்கும்.

கடைசியாக, நாடா வைத்திருப்பவர் ஏன் உங்களிடம் வருவதில்லை என்பது. பயம். 1995ல் நடைமுறைக்கு வந்த, அறிவுசார் சொத்துரிமை பற்றிய டிரிப்ஸ் ஒப்பந்தம் அனுமதியில்லாத மேடைப் பதிவைத் தடுக்கும் உரிமையைக் கலைஞருக்கு உறுதிசெய்தது, அது நியாயம். ஆனால் நகல் போட்டு விற்றவரையும், அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தவரையும் ஒரே மிரட்டல் கடிதத்தால் அடித்தால் இரண்டாமவர் வாயைத் திறக்க மாட்டார். கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு 1984 அக்டோபரில் பெர்க்லியில் பதிபவர்களுக்கென்றே இடம் ஒதுக்கியது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாடாவைத் தருபவர் மீது நடவடிக்கை இல்லை என்று முதலிலேயே எழுத்தில் கொடுங்கள். தபாலில் கேட்காமல் ஆளை அனுப்பி, முடிந்தால் அவர் வீட்டிலேயே படியெடுங்கள். தொடாத கோப்பின் பிரதி ஒன்றை, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் அவருக்கும் கொடுங்கள்.

உறையில் நன்றி வரிசைக்குள் அவரைப் புதைக்காமல் தனி வரியில் போடுங்கள்: எந்த மைக், எந்த மெஷின், எந்த நாடா, எந்த வரிசை இருக்கை, எந்த டெக்கில் படியெடுத்தது, எவ்வளவு வேகத் திருத்தம். பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னால் பெயரை மட்டும் விட்டுவிட்டு மீதியை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நாடாக்களைப் படியெடுப்பவர்கள்