தாழ்ந்த கார் தடுமாறும்

ஐயா,

தங்கள் ஞாயிறு மோட்டார் பக்கத்தில், ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷனைத் தாழ்த்தினால் ரோட்டுப் பிடி கூடும் என்று எழுதியிருந்தீர்கள். வளைவில் சரி. நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்பும்போதும் அப்படியே என்று அதே வரியில் சேர்த்ததுதான் இடிக்கிறது. அதை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

என்னுடையது பின்சக்கர இழுவை. குட்டை ஸ்பிரிங் போட்டு மூன்று சென்டிமீட்டர் இறக்கினேன். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. கிளட்ச்சை விட்டால் பின் டயர் கிறீச்சிட்டுச் சுற்றுகிறது, வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது. 'தாழ்த்தியதால் பின்னுக்கு வெயிட் வரவில்லை' என்றார்கள் நண்பர்கள். கணக்குப் போட்டேன். 1,200 கிலோ கார், வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடைத்தூரம்) 2.4 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் என்று வையுங்கள். அரை 'ஜி' (புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி) முடுக்கத்தில் பின்னுக்கு மாறும் பாரம் 125 கிலோ. மையம் 47க்கு இறங்கினால் 117.5. ஏழரைக் கிலோ! ஒரு ஸ்டெப்னியின் எடைகூடத் தேறாது. குற்றவாளி வேறு.

பின் டயரின் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியை நேராகக் கொஞ்ச தூரம் உருட்டினேன். உள்பக்கம் கோடு அழிந்துவிட்டது. வெளிப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு அழியவே இல்லை. தாழ்த்தியதில் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கையில் சக்கரத்தின் சாய்வு, மாறி, சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறது. கிளம்பும்போது பின்பக்கம் அமுங்கினால் இன்னும் சாயும். முழு டயருக்குக் காசு கொடுத்து முக்கால் டயரில் ஓட்டியிருக்கிறேன்.

அடியில் படுத்து டார்ச் அடித்தேன். சஸ்பென்ஷன் அளவுக்கு மீறி அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்புக்குக் கீழே சுண்டுவிரல்தான் நுழைந்தது. அமுங்கிய மறுநொடி ரப்பரில் முட்டிவிட்டால் ஸ்பிரிங்குக்கு என்ன வேலை? ரோட்டின் ஒவ்வொரு சொரசொரப்புக்கும் டயர் துள்ளுகிறது. துள்ளும் டயருக்கு ஏது பிடி?

ஒரு சென்டிமீட்டர் ஏற்றி, நீளத்தை அட்ஜஸ்ட் செய்யும் ஆர்ம் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கை) போட்டுக் கேம்பரை நிமிர்த்தினேன். கிறீச் பாதியாகக் குறைந்தது. பின்அச்சு ஒரே தண்டாக உள்ள கார்களில் கேம்பர் வம்பு இல்லை, ஆனால் கீழ் ஆர்ம்களின் சாய்வு மாறி வேறு வம்பு வரும்.

அடுத்த வாரம் திருத்தம் போடுவதானால், ஸ்பிரிங் வாங்கும் முன் பம்ப் ஸ்டாப் இடைவெளியை அளக்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
சாக்பீஸும் கையுமாக ஒரு வாசகன்