குஸ்கோ கல்விப் பயணம்: பெற்றோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். மே விடுமுறையில் பெரு நாட்டின் குஸ்கோ நகருக்குச் செல்லவிருக்கும் பதினோராம் வகுப்பு மாணவ, மாணவியரின் பெற்றோருக்கு இக்கடிதம். உடல்நலம் பற்றியே அதிகம் எழுதுகிறேன். இந்தப் பயணம் கெடுமானால் அதனால்தான் கெடும்.

குஸ்கோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைப் போல ஒன்றரை மடங்கு உயரம். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கடலோர லிமாவில் ஏறும் விமானம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் அங்கே இறக்கிவிடும். உடல் பழக அவகாசமே கிடைக்காது. 6 முதல் 12 மணி நேரத்துக்குள் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை தொடங்கலாம். ஓட்டப்பந்தயத்தில் முதலாக வரும் பிள்ளைக்கும் இது வரும்.

ஆகவே வந்திறங்கும் அன்று குஸ்கோவில் தங்கமாட்டோம். நேரே 2,870 மீட்டரிலுள்ள உருபம்பாவுக்கு இறங்கி, இரண்டு இரவு அங்கே. பிறகு ரயிலில் மச்சு பிச்சு. அது இன்னும் தாழ்வு, 2,430 மீட்டர். அதன் பின்னரே குஸ்கோ. நகருக்கு மேலேயுள்ள சக்சைவாமன் கோட்டை கடைசி நாளில். வேனில் ஏறி, நடந்து இறங்குவோம்.

பிள்ளைகளிடம் நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று: தலைவலியை மறைக்கக் கூடாது. சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயந்து மறைப்பதே ஆபத்து. சொன்ன பிள்ளையுடன் ஓர் ஆசிரியர் தங்குவார். சரியானதும் குழுவோடு சேரலாம். தினமும் மாலையில் குதிகாலும் கால்விரலும் தொட நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்ப்போம். தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். தூக்க மாத்திரை எதுவும் கொடுத்தனுப்பாதீர்கள். அது மூச்சை மேலும் மந்தமாக்கும்.

உயரத்தால் வரும் இந்தத் தொல்லைகளைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரே முடிவு செய்யட்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, ரத்தசோகை உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவர் கையெழுத்திட்ட கடிதம் கட்டாயம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பலரைக் குழப்புகிறது. குஸ்கோவுக்கும் மச்சு பிச்சுவுக்கும் மட்டும் போவோருக்கு அந்த நோய் அபாயம் இல்லை. ஆனால் பெருவிலிருந்து இந்தியா திரும்பும்போது சான்றிதழ் கேட்பார்கள். இல்லையெனில் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகாரம் பெற்ற மையத்தில் மட்டுமே போடுங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் அங்கே தெரிவியுங்கள்.

பகலில் 20 டிகிரி வெயில், விடியலில் நடுக்கும் குளிர். ஒரே தடித்த கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் மூன்று மெல்லிய உடைகள் மேல். குளிர்கிறதே என்று தொப்பியையும் சன்ஸ்கிரீனையும் விட்டுவிட வேண்டாம். அந்த உயரத்தில் வெயில் தோலைச் சுட்டுவிடும். ஷாம்பூ பாட்டிலை நிரம்ப ஊற்றினால் மேலே போனதும் கசியும். குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது.

விடுதிகளில் கோகா இலைத் தேநீர் வைத்திருப்பார்கள். பெருவில் அது சட்டப்படி சரி, இங்கே போதைப்பொருள் சட்டத்தில் குற்றம். கோகா மிட்டாய், தேநீர்ப் பொட்டலம் எதையும் வாங்கி வரக் கூடாது.

இத்தனை சிரமம் எதற்கு என்றால், கொரிகாஞ்சா ஒன்றே போதும். ஸ்பானியர்கள் வருமுன் இங்கே ஆண்ட இன்காக்களின் சூரியக் கோயில் அது. அதன் சுவர்கள்மீது ஸ்பானியர்கள் சாந்தோ டொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1650லும் 1950லும் வந்த நிலநடுக்கங்களில் மடம் பெருஞ்சேதமடைந்தது. சாந்து பூசாமல் இழைத்துப் பொருத்திய இன்கா சுவர்கள் நின்றன. அவை உள்நோக்கிச் சாய்ந்திருக்கும், வாசல்கள் மேலே குறுகியிருக்கும். அந்தச் சாய்வைப் பிள்ளைகளே அளந்து வரைவார்கள். அளவுநாடாவும் தூக்குக்குண்டும் பள்ளி தரும்.

பெரு நேரம் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே இரவு 8 மணிக்குப் பேசுவார்கள், உங்களுக்குக் காலை 6.30. மருத்துவப் படிவத்தையும் தடுப்பூசிச் சான்றிதழ் நகலையும் மார்ச் இறுதிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்