போகிறவர்கள் அனுமதியை விட்டுவிட்டுப் போங்கள்

ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டுக்கு வயது வந்தோருக்கான மோட் (ரசிகர்கள் செய்து விளையாட்டில் சேர்க்கும் மாற்றம்) செய்கிற நண்பர்களுக்கும், அவற்றை ஏற்றி வைத்திருக்கும் தளங்களின் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

போன மாதம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பலரும் நம்பியிருந்த ஒரு ஃபிரேம்வொர்க்கை, அதாவது மற்ற மோட்கள் ஓட அடித்தளமான ஒரு மோடை, எழுதியவர் எல்லா ஃபைல்களையும் அழித்துவிட்டுக் கணக்கையும் மூடிவிட்டுப் போய்விட்டார். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் இன்னும் பத்துப் பேர் அவரைத் தேடிப்போய்த் திட்டுவார்கள், ஏற்கெனவே வாங்கியதே போதும். அவர் போனதில் எனக்குக் கோபம் இல்லை. "இதை மாற்றவோ, திருத்தவோ, வேறெங்கும் ஏற்றவோ யாருக்கும் அனுமதி இல்லை" என்று அவர் பக்கத்தில் இருந்த வரியில்தான் கோபம். இப்போது ஆளும் இல்லை, ஃபைலும் இல்லை, கேட்பதற்கு ஒரு முகவரியும் இல்லை, அந்தத் தடை மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த ஃபிரேம்வொர்க்கை நம்பி ஓடுகிற ஒரு சின்ன அனிமேஷன் பேட்சை (திருத்தச் சேர்க்கையை) நான் கவனித்து வருகிறேன். அவர் போனதிலிருந்து எனக்கு வருகிற கேள்வி ஒன்றுதான்: தேவையான ஃபைல் எங்கே கிடைக்கும்? புதிதாக விளையாட வந்தவர்கள் கேட்கிறார்கள், கணினி மாற்றியவர்கள் கேட்கிறார்கள், பாதி விளையாட்டில் இருக்கும்போது ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று ஒருவர் கேட்டார். அந்த ஃபைல் என்னிடம் இருக்கிறது. ஒரு ஃபோல்டரில், ஜிப்பாக, கடைசிப் பதிப்பு. எடுத்துக் கொடுத்தால் நான் திருடன், தள விதிப்படி என் கணக்கு போகும், அது நியாயமான விதியும்கூட. கொடுக்காவிட்டால் என் பேட்சும் அதோடு சேர்த்துச் செத்தது. அதனால் எல்லாருக்கும் ஒரே பதிலை எழுதுகிறேன், மன்னிக்கவும், என்னால் தர முடியாது என்று. கையில் இருக்கிற ஒன்றை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

நான் மறுத்தால் மட்டும் அவர்கள் சும்மா இருந்துவிடுவார்களா? இல்லை. யாரோ ஒருவர் டிஸ்கார்டில் ஒரு டிரைவ் லிங்க்கைப் போடுகிறார், அதை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். உடையோ முகச் சாயமோ என்றால்கூடப் பரவாயில்லை. இது டிஎல்எல். எஸ்கேஎஸ்இ என்கிற, ரசிகர்கள் செய்த கருவி வழியாக விளையாட்டுக்குள் ஏறி அவர்கள் கணினியில் நேரடியாக ஓடுகிற நிரல். அதற்குள் யார் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாது. இதைப் பற்றிப் புகார் சொல்லவும் அவர்களுக்குக் கூச்சம், ஏனென்றால் அது எந்த வகை மோட் என்று சொல்ல வேண்டிவரும்.

அதனால்தான் கேட்கிறேன், போவதென்றால் தாராளமாகப் போங்கள், ஆனால் அனுமதியை விட்டுவிட்டுப் போங்கள்.

இது புதுக் கதையும் அல்ல. 2016 அக்டோபரில் ஸ்கைரிமின் ஸ்பெஷல் எடிஷன் வந்து விளையாட்டு 64 பிட்டுக்கு மாறியபோது அனிமேஷன் ஃபைல்கள்வரை எல்லாவற்றையும் மாற்றி எடுக்க வேண்டியிருந்தது. மாற்றுவது பெரிய வித்தை இல்லை, கருவிகள் இருந்தன, செய்ய ஆட்களும் இருந்தார்கள். ஆனால் "மாற்ற அனுமதி இல்லை" என்று எழுதிவிட்டுக் காணாமல் போனவர்களின் மோட்கள் பழைய பதிப்பிலேயே கிடந்தன, அல்லது மாற்றியவர் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டார். 2021 நவம்பரில் பத்தாம் ஆண்டுப் பதிப்போடு விளையாட்டின் இயங்கு ஃபைலையே அதைத் தயாரித்த பெதஸ்டா மாற்றியபோது எஸ்கேஎஸ்இ டிஎல்எல்கள் ஒரேயடியாகப் படுத்தன. சோர்ஸ் கோட் (மூல நிரல்) வெளியில் இருந்தவற்றை, எழுதியவர் வராவிட்டாலும், வேறு யாராவது எடுத்துத் திரும்பக் கம்பைல் செய்து கொடுத்தார்கள். சோர்ஸ் இல்லாதவற்றுக்கு அந்த வழியே இருக்கவில்லை. 2023 டிசம்பர் அப்டேட்டில் அதே கதை மறுபடியும். அடுத்த அப்டேட் எப்போது என்று தெரியாது, வரும் என்பது மட்டும் தெரியும், 2011-இல் வந்த விளையாட்டை அவர்கள் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அனுமதி இருந்தால் என்ன ஆகும் என்பதும் நம் கண்முன் இருக்கிறது. ஓசெக்ஸ் என்ற அனிமேஷன் மோடை ஒருவர் ஆரம்பித்தார், ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டார். அவருடைய ஓசா எஞ்சின் மேல் இன்னொருவர் ஓஸ்டிம் கட்டினார், அவரும் ஒதுங்கினார். மூன்றாவதாக ஒருவர் எடுத்து, பழைய எஞ்சினையே தேவையில்லாமல் செய்து, ஓஸ்டிம் ஸ்டாண்ட்அலோன் ஆக்கினார். மூன்று கை மாறியிருக்கிறது, பழைய பெயர்கள் யாருக்கும் மறந்துபோகவில்லை. உடல், உடை வடிவங்களை மாற்றும் பாடிஸ்லைடு கருவியின் சோர்ஸ் திறந்து கிடக்கிறது, அதனால் நாளைக்கே அதைச் செய்கிறவர்கள் களைத்துப்போனாலும் நம் உடல், உடை மோட்கள் எதுவும் அநாதை ஆகாது. அனிமேஷன்களை விளையாட்டில் சேர்க்கும் நெமிசிஸ், பண்டோரா கருவிகளும் அப்படியே.

"என் உழைப்பு, என் இஷ்டம்" என்பீர்கள். சரி, உழைப்பு உங்களுடையதுதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மோடின் தேவைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். எஸ்கேஎஸ்இ இருக்கும், எக்ஸ்பி32 எலும்புக்கூடு இருக்கும், சிபிபிஇ என்கிற உடல் மோட் இருக்கும், அட்ரஸ் லைப்ரரி இருக்கும். எல்லாம் முன்பின் தெரியாத யாரோ இலவசமாகச் செய்து வைத்தவை. அவர்களில் ஒருவர் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தால் உங்கள் மோடே பிறந்திருக்காது.

ஏன் போகிறீர்கள் என்பதும் தெரியாமல் இல்லை. நம் வேலையைச் சொந்தப் பெயரில் செய்ய முடியாது. அலுவலகத்தில் தெரிந்துவிடுமோ, வீட்டில் தெரிந்துவிடுமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. இலவசமாகக் கொடுத்ததற்கே "எப்போது அப்டேட்" என்று மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வருகிற அழுத்தம் அதைவிட மோசம். 2006 மே மாதம், ஸ்கைரிமுக்கு முந்தைய விளையாட்டான ஆப்லிவியன் வந்து சில வாரங்களிலேயே, யாரோ ஒருவர் செய்த மேலாடையில்லா மோடும் ஒரு காரணமாகி அமெரிக்காவில் அந்த விளையாட்டின் வயதுத் தரத்தையே உயர்த்தினார்கள். அன்றிலிருந்து இந்த விளையாட்டுகளில் எது கெட்டாலும் முதலில் நம் பக்கம்தான் விரல் நீள்கிறது. 2025 ஜூலையில் கார்டு நிறுவனங்களின் பக்கமிருந்து வந்த நெருக்கடியில் விளையாட்டு விற்கும் தளமான ஸ்டீம் சில விளையாட்டுகளைத் தூக்கியது, அதுபோன்ற இன்னொரு தளமான இட்ச் வயது வந்தோருக்கான எல்லாவற்றையும் தேடலிலிருந்தே மறைத்தது, சட்டப்படி சரியாக இருந்தவையும் சேர்ந்து போயின. பணத்தைக் கைமாற்றிக் கொடுப்பதுதான் கார்டு நிறுவனங்களின் வேலை, வளர்ந்தவர்கள் தங்கள் வீட்டில் தங்கள் விளையாட்டில் எதைப் பார்க்கலாம் என்று முடிவு செய்ய அவர்களை யார் உட்கார வைத்தது? குழந்தைகளைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. சிறுவர் உருவங்களுக்கு அறவே இடமில்லை என்ற விதியை லவர்ஸ்லேப் போன்ற வயது வந்தோர் மோட் தளங்கள் தாங்களாகவே வைத்திருக்கின்றன, அதை இன்னும் கடுமையாக்கினாலும் வரவேற்பேன். ஆனால் இருபது வயதைத் தாண்டியவர்கள் தங்களுக்குள் செய்து பகிர்ந்துகொள்ளும் ஒன்றை, இருக்கிற ஒன்றிரண்டு இடங்களிலிருந்தும் துரத்திக்கொண்டே இருந்தால் அது பாதுகாப்பு இல்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேட்ரியானில் நன்கொடை வாங்குவதை நான் குறை சொல்லவில்லை, மாதக்கணக்கில் உட்கார்ந்து அனிமேஷன் செய்கிறவருக்குச் சாப்பாட்டுக்காவது வர வேண்டும். ஆனால் "முதலில் ஆதரவாளர்களுக்கு, பிறகு எல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு அந்தப் "பிறகு" வராமலேயே போனவர்கள் அதிகமாகிவிட்டார்கள். காசு கொடுத்தவரிடம் மட்டும் இருக்கிற மோட், செய்தவர் மறைந்ததும் இரண்டு முறை தொலைகிறது.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். யாரையும் கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. 2021-இல் நெக்ஸஸ் மோட்ஸ் என்ற மோட் தளம், ஏற்றிய ஃபைலை இனி முழுதாக அழிக்க முடியாது, காப்பகத்தில் இருக்கும் என்று அறிவித்தபோது என்ன ஆனது என்று பார்த்தோம். கோபித்துக்கொண்டு பலர், கொடுத்த அவகாசத்துக்குள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வற்புறுத்தினால் நம் ஆட்கள் போய்விடுவார்கள். மனமுவந்து கொடுக்கச் சொல்லித்தான் கேட்கிறேன்.

மோட் செய்கிறவர்களே, இன்று உங்களுக்கு நேரம் இருக்கும்போதே, சண்டை எதுவும் இல்லாதபோதே, உங்கள் பக்கத்தில் இந்த இரண்டு வரியைச் சேர்த்துவிடுங்கள்: "ஓராண்டுக்கு மேல் என்னிடமிருந்து பதில் இல்லையென்றால், அல்லது நான் இதை நீக்கிவிட்டால், என்னைக் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் இதைத் திருத்தி இலவசமாக வெளியிடலாம். சோர்ஸ் கோடும் இத்துடன் இருக்கிறது." குறிப்பிடுவதுகூட வேண்டாம், என் பெயர் எங்கும் இருக்கக் கூடாது என்று நினைக்கிறீர்களா, அதையும் எழுதுங்கள், நாங்கள் மதிப்போம். கணக்கை மூடுங்கள், பெயரை அழியுங்கள், அனுமதியை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள்.

தள நிர்வாகிகளே, உங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. ஃபைல் ஏற்றும் பக்கத்தில் இதற்கென்று ஒரு டிக் பெட்டி வையுங்கள். டிக் செய்தவரின் மோட் நீக்கப்பட்டால், அதை வேறொருவர் பொறுப்பேற்க ஒரு வழியும் வையுங்கள். டிக் செய்யாதவரின் மோடை யாரும் தொட வேண்டாம். விளையாடுகிறவர்களும் அந்த டிக் இருக்கிறதா என்று பார்த்து, எதை நம்பித் தங்கள் விளையாட்டைத் தொடங்கலாம் என்று முடிவு செய்துகொள்வார்கள்.

அடுத்த அப்டேட் வருவதற்குள் இதைச் செய்துவிட முடியும். முடியாது என்றால் ஏன் முடியாது என்றாவது சொல்லுங்கள், எழுதித் தர, சோதித்துப் பார்க்க, என்ன வேலை கொடுத்தாலும் செய்யத் தயாராக இருக்கிறேன். தயவுசெய்து பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஃபைல் கேட்டு வருகிறவர்களுக்கு இன்னும் பதில் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு பேட்ச் பராமரிப்பாளர்