மூன்றாவது டிரம்

கார்மல், இண்டியானா
ஆகஸ்ட் 2025

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. நீ அனுப்பிய பெட்டி ஜூலைக் கடைசியில் வந்து சேர்ந்தது. உன் அணியின் மேல்சட்டை, இரண்டு ஜோடி டிரம் கோல்கள், பயிற்சிக்கான ரப்பர் பலகை எல்லாம் நனையாமல் வந்திருக்கின்றன. உள்ளே கடிதம் எதுவும் இல்லை. வேலை நெருக்கடியில் எழுத மறந்திருப்பாய் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். அவளும் சரி என்றாள். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாமல் உன் மேசைமேலேயே வைத்திருக்கிறேன்.

காதை டாக்டரிடம் காட்டினாயா? இரவில் படுத்தால் இடது காதில் மெல்லிய விசில் போல ஒன்று கேட்கிறது என்று பொங்கலன்று பேசும்போது சொன்னாய். அதன் பிறகு அதைப் பற்றி நீ வாய் திறக்கவில்லை. கோடைகோடையாக டிரம் வரிசைக்கு நடுவில் நின்ற காது அது, அலட்சியம் செய்யாதே.

நான் எழுத உட்கார்ந்தது வேறொரு செய்தியைச் சொல்வதற்காக. ஆகஸ்ட் 9 சனிக்கிழமை லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துக்குப் போய் டிசிஐ, அதாவது டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற, உன்னைப் போன்ற பிள்ளைகள் வாத்தியத்தோடு அணிவகுத்து வாசிக்கும் போட்டியின் இறுதிச் சுற்றைப் பார்த்தேன். நீ விட்டுவந்த பிறகு இது எனக்கு மூன்றாவது ஆண்டு. 2023 இல் அலுவலக நண்பர் ஒருவர் தன்னால் போக முடியாத டிக்கெட்டை என்னிடம் கொடுத்தார். அவருடைய மனம் கோணக் கூடாதே என்றுதான் போனேன். 2024 இல் நானே பணம் கொடுத்து வாங்கினேன். ஒஹாயோவின் கேன்டனிலிருந்து வரும் புளூகோட்ஸ் அணி வென்ற இரவு அது. இதையெல்லாம் உன்னிடம் சொல்லவில்லை. நீ வாசித்த காலத்தில் முகம் கொடுத்துப் பேசாத மனிதன், நீ விட்டுவந்த பிறகு ரசிகனாகப் போய் உட்கார்ந்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

இந்த முறை மாலை வெயில் தாழும் முன்பே போய்விட்டேன். விவரம் தெரிந்த ரசிகர்கள் நேராக அரங்கத்துக்குள் நுழைவதில்லை என்பதை இப்போது நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன். வெளியே, வண்டி நிறுத்தும் திடலில், ஒவ்வோர் அணியின் தாளக் குழுவும் வளைவாக நின்று கையைப் பழக்கிக்கொண்டிருந்தது; கூட்டம் அவர்களுக்கு இரண்டு முழ தூரத்தில் சத்தம் இல்லாமல் சுற்றி நின்றது. முதலில் வலக்கையில் எட்டுத் தட்டல், பிறகு இடக்கையில் எட்டுத் தட்டல், மறுபடியும் வலக்கை. பேஸ்மென்ட்டில் மணிக்கணக்காக நீ செய்துகொண்டிருந்த அதே பயிற்சிதான். அன்று மேலே உட்கார்ந்துகொண்டு, நிறுத்து என்பதற்கு அடையாளமாகக் காலால் தரையை ஓங்கி மிதிப்பேன். இப்போது அதைக் கேட்பதற்காக வெயிலில் ஒரு மணி நேரம் நிற்கிறேன்.

அந்த ஐந்து பேஸ் டிரம்களைப் பற்றி உன்னிடம் சொல்லியாக வேண்டும். சிறியதிலிருந்து பெரியது வரை ஐந்துக்கும் ஐந்து விதமான ஒலி. ஒரு வரி முழுவதும் ஒருவர் கையில் இல்லை; முதல் தட்டல் ஒருத்திக்கு, அடுத்தது அடுத்தவனுக்கு என்று அது வரிசையில் உருண்டோடுகிறது. ஒரு மயிரிழை பிசகினாலும் வரி உடைந்துவிடுகிறது. மூன்றாவது டிரம்மைச் சுமந்து நின்ற பெண்ணுக்கு உன் உயரம்தான் இருக்கும். அவள் தட்டியதைவிடக் காத்திருந்ததுதான் அதிகம். ஆனால் காத்திருந்த நேரமெல்லாம் அவளுடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது. மற்ற நால்வரின் தட்டல்களையும் சேர்த்து, நட்டுவனார் சொற்கட்டுச் சொல்வதைப் போல, முழு வரியையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். தன்னுடைய ஒரு தட்டலை அதன் இடத்தில் வைப்பதற்கு அவளுக்கு ஐவருடைய பாடமும் மனப்பாடமாக இருக்க வேண்டியிருக்கிறது. நீ மூன்று மாதம் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடங்களின் தரையில் படுத்தும், இரவெல்லாம் பேருந்தில் பயணம் செய்தும் செய்துவந்த வேலை இதுதான் என்பது அந்தத் திடலில் வைத்துத்தான் எனக்கு விளங்கியது.

நீ மூன்றாவது டிரம் என்பதே எனக்கு உன் பெட்டி வந்த பிறகுதான் தெரியும், அம்மா. கோல்களின் பிடியில் சுற்றியிருந்த வெள்ளை டேப்பில் உன் கையெழுத்தில் 3 என்று எழுதியிருந்தது. ஃபெல்ட் தலை ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கறுத்திருக்கிறது. 2019 இறுதிச் சுற்றுக்கு நான் வந்திருந்தேன், நன்றாக இருந்தது என்றும் உன்னிடம் சொன்னேன். ஏறக்குறைய 150 பேர் ஒரே உடையில், ஒரே தொப்பியில் ஓடிக்கொண்டிருந்த அந்த மைதானத்தில், வேறு யாரோ ஒரு பிள்ளையை நீ என்று நினைத்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. அம்மா உன்னைச் சரியாகக் கண்டுபிடித்தாள். அந்தக் கோடையில் ஒரு வாரம், சமையலறையாக மாற்றிய அந்தப் பெரிய லாரியில் நின்று, உங்கள் எல்லோருக்கும் நாளுக்கு நான்கு வேளைச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கியவள் அல்லவா! நான் விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டேன். விடுப்பு இருந்தது.

சாப்பாடு எப்படி இருக்கிறது? வெளியில் வாங்கியே சாப்பிடுகிறாயா? ஐந்து வாரமாக எது கேட்டாலும் ‘பிஸி’ என்று ஒரே ஒரு சொல் வருகிறது. ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்கலாம், கயல். நான் எதையும் துருவிக் கேட்கவில்லை. வீடு மாறுகிறாயோ, இடம் போதவில்லையோ, அதனால்தான் அந்தச் சாமான்களை இங்கே அனுப்பினாயோ என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அப்படியென்றால் சரி.

உள்ளே எனக்குப் பக்கத்து இருக்கையில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர். இளம் வயதில் அவரே வாசித்தவராம். முதல் அணி இறங்கும் முன் தன் பையிலிருந்து ஒரு ஜோடி காதடைப்பான் எடுத்து எனக்குத் தந்தார். நீ காதடைப்பான் போட்டுக்கொண்டு வாசித்தாயா, இல்லையா? அத்தனை வருடத்தில் நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

அவர்தான் எனக்கு ஒரு நுட்பத்தைச் சொல்லிக்கொடுத்தார். முன்வரிசையில் மரிம்பா, வைப்ரஃபோன் என்று கோலால் தட்டும் வாத்தியங்களை வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள், கையசைத்துத் தாளம் காட்டும் டிரம் மேஜரின் கையைப் பார்த்து வாசிப்பதில்லை, பின்னால் இருந்து வரும் டிரம் ஒலியைக் காதால் வாங்கித்தான் வாசிக்கிறார்கள் என்றார். நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மைதானத்தின் அகலம் 160 அடி. பின்கோட்டிலிருந்து புறப்படும் ஒலி முன்கோட்டுக்கு வந்து சேர 0.14 நொடி ஆகும். நிமிடத்துக்கு 180 தாளம், தாளத்துக்கு நான்கு தட்டல் என்றால், ஒரு தட்டலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.083 நொடிதான். கண்ணால் பார்த்து வாசித்தால், கேட்பவர்களுக்கு முன்வரிசை ஒரு தட்டலுக்கு மேல் முந்திப்போய்விடும். முப்பது வருடம் எஞ்சினியராக இருந்தும், இது என் வீட்டுப் பிள்ளை தினமும் தீர்த்துக்கொண்டிருந்த கணக்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பத்தாம் வகுப்பில் இருந்தபோது சாப்பாட்டு மேசையில் நீ சொன்ன ஒன்றும் நினைவுக்கு வந்தது. 2008 இல் ஃபேன்டம் ரெஜிமென்ட் 98.125 புள்ளியும் புளூ டெவில்ஸ் 98.100 புள்ளியும் எடுத்தன, 0.025 இல் பட்டம் கை மாறியது என்று கண் விரியச் சொன்னாய். மொத்தம் நூறு, அதில் நாற்பது ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு, முப்பது காட்சிக்கு, முப்பது இசைக்கு என்று விரல் விட்டு விளக்கினாய். இந்த அக்கறையை வேதியியலில் காட்டு என்று நான் சொன்னேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாய். இந்த ஆண்டு இரவு, பன்னிரண்டு அணிகளும் மைதானத்தில் நிற்க, கடைசி இடத்திலிருந்து மேல்நோக்கிப் புள்ளிகளை வாசித்துக்கொண்டே வந்தார்கள். இரண்டாம் இடத்துக்கு வேறோர் அணியின் பெயர் வந்த நொடியிலேயே, மிஞ்சியிருப்பது போஸ்டன் குரூசேடர்ஸ் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 1940 இல் தொடங்கிய அணி. 85 ஆண்டுகளில் அவர்களுக்கு இதுதான் முதல் டிசிஐ பட்டம். பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்து நிற்கவில்லை. முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் உன்னைக் கூப்பிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். பெயரைத் தேடினேன். கூப்பிடவில்லை.

ஏன் கூப்பிட முடியவில்லை என்பதை எழுதிவிடுகிறேன். 2020 வசந்தத்தில் அந்த ஆண்டுப் போட்டிகள் ரத்து என்ற செய்தி வந்த மாலை, நான் பாளையங்கோட்டைக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தேன். ‘இந்தக் கோடையில் கயலுக்கு இன்டர்ன்ஷிப் ரத்தாகிவிட்டது அண்ணா, நல்லதாகப் போயிற்று, வீட்டோடு இருப்பாள்’ என்றேன். திரும்பிப் பார்த்தபோது நீ மாடிப்படியின் பாதியில் நின்றுகொண்டிருந்தாய். உனக்கு அது கடைசிக் கோடை. 2021 இல் போட்டி என்று எதுவும் நடக்கவில்லை. நீயும் அதற்குள் வேலையில் சேர்ந்துவிட்டாய். அன்று நீ ஒன்றும் கேட்காமல் திரும்பி மேலே போனாய். நீ கேட்டுவிட்டாய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும். ஐந்து வருடமாக நாம் இருவரும் அதைத் தொடாமல் பேசிவருகிறோம்.

2018 இலும் 2019 இலும் ஊரில் எல்லோரிடமும் நீ இன்டர்ன்ஷிப் போயிருப்பதாகத்தான் சொன்னேன். வெட்கப்பட்டேன், கயல். என் சிறு வயதில் ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். கொட்டுச் சத்தத்துக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் கொட்டியவர்களில் ஒருவருடைய பெயரும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. சாவு வீட்டில் பறை அடித்தவர்களுக்குத் திண்ணையில் இடம் தந்ததில்லை. கூலியைத் தெருவில் வைத்துக் கொடுத்தோம். நான் அந்தப் புத்தியை ஊரிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ‘பொண்ணு கொட்டடிக்கவா போயிருக்கா?’ என்று ஒருவர் கேட்டுவிடுவாரே என்ற பயத்தில் இரண்டு கோடை பொய் சொன்னேன். யாரும் அப்படிக் கேட்கவே இல்லை. அந்தக் கேள்வி எனக்குள்தான் இருந்தது.

நேற்று உன் பெரியப்பாவைக் கூப்பிட்டேன். கயல் எந்த இன்டர்ன்ஷிப்புக்கும் போகவில்லை, டிரம் வாசிக்கப் போனாள், நான்தான் மாற்றிச் சொன்னேன் என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ‘எந்தக் கொட்டு?’ என்று கேட்டார். பேஸ் டிரம், ஐந்தில் மூன்றாவது என்றேன். வீடியோ இருந்தால் அனுப்பச் சொன்னார்.

நான் 2019 இல் எடுத்த வீடியோவில் நீ இல்லை. நான் தவறாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைதான் இருக்கிறாள். உன்னிடம் ஒன்று இருந்தால் எனக்கு அனுப்பு, அவருக்கு நான் அனுப்பிவைக்கிறேன். பெட்டி இங்கேயே இருக்க வேண்டுமா, திருப்பி அனுப்ப வேண்டுமா என்றும் ஒரு வரி எழுது. கோல்களை நான் துடைக்கவில்லை, டேப்பையும் பிரிக்கவில்லை. காதை மறக்காமல் டாக்டரிடம் காட்டு.

அன்புடன்,
அப்பா