நாலாவது மூலை

அன்புள்ள சோடா புட்டிக்கு,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்ட வேண்டியதை எல்லாம் மனசுக்குள் திட்டி முடித்திருப்பாய், அதனால் மன்னிப்புக் கேட்டுத் தாளை வீணாக்கவில்லை. இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் ஞாபகசக்தி எனக்கு அவசரமாக வேண்டும்.

புதிதாகத் தொழுவம் கட்டப் போகிறேன். 40 அடிக்கு 20 அடி, கீழே மாடுகள், மேலே பரண் போட்டு வைக்கோல். இடம், கிணற்றுக்குப் பின்னால் இருக்கும் அந்த மேடு. கொத்தனார் வந்தார், குதிகாலால் இரண்டு மிதி மிதித்தார், "பாறை மாதிரி இருக்கு, நாளைக்கே அஸ்திவாரம் தோண்டிடலாம்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். அக்கா மகன்தான் குறுக்கே விழுந்தான். ஆமாம், உன் கண்ணாடியைக் கிணற்றில் போட்ட அதே பயல்தான். இப்போது பொறியாளன். பேச ஆரம்பித்தால் நம்ம கணக்கு வாத்தியாரே தேவலை.

மேல்மண் வெயிலில் காய்ந்து கெட்டித்திருக்கும், அதை நம்பக் கூடாது என்கிறான். தூணுக்கு அடியில் வைக்கும் பாதம் 4 அடி அகலம் என்றால், அதற்கும் கீழே இன்னும் 6 முதல் 8 அடி வரை மண் அந்தப் பாரத்தைச் சுமக்குமாம். 4 அடி ஆழத்தில் பாதம் வைத்தால், 10, 12 அடி வரை என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். "குதிகால் அவ்வளவு ஆழம் போகுமா மாமா?" என்று கொத்தனார் எதிரிலேயே கேட்டான். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் என்ன, நாலு மூலையிலும் நடுவிலும் குழி. 4 அடிக்கு மேல் யாரையும் உள்ளே இறங்க விடவில்லை. பக்கம் சரிந்தால் ஆளை மூடிவிடும் என்று சொல்லி, கையால் திருகித் துளை போடும் ஆகர் என்ற கருவியைப் போட்டு அடிக்கு ஒரு பிடி மண் எடுத்தான். அதைப் பாதி பாட்டில் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி ஜன்னலில் வரிசையாக வைத்தோம். மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் உட்கார்ந்துவிடுகிறது. வண்டலுக்குச் சில மணி நேரம் பிடிக்கிறது. களிமண் மட்டும் மறுநாள் காலையிலும் கலங்கலாகவே நின்றது. ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்று வீட்டில் ஒரு வாரம் சண்டை.

ஈரமண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தோம். மணல் கலந்ததாக இருந்தால் உதிர்ந்துவிடும். நம்ம மண் நூல் திரித்த மாதிரி நீளமாக வந்தது. எனக்கு ஒரே பெருமை. அப்படி வந்தால் களி அதிகம் என்று அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். காயவைத்துச் சலித்த மண்ணில் 10 கிராம் மண்ணெண்ணெயிலும் 10 கிராம் வாலை வடித்த தண்ணீரிலும் போட்டு ஒரு நாள் விட்டான். மண்ணெண்ணெயில் களி உப்பாது. அங்கே 11 மில்லி நின்றது, தண்ணீரில் 19 மில்லி. 73 சதவீதம் உப்பல்! மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், மேலே இருப்பதையும் சேர்த்துத் தூக்கித் தூக்கிப் போடும்.

அப்போதுதான் பழைய தொழுவத்து வெடிப்பு எனக்கு உறைத்தது. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஏறுமே, அதுதான். கோடையில் விரியும், மழையில் மூடிக்கொள்ளும். மாடு கழுவிய தண்ணீர் ஒரு சுவரோரமாகவே தேங்கியது, அந்தப் பக்கம் எப்போதும் ஈரம், எதிர்ப்பக்கம் காய்ந்து கிடக்கும். பதினைந்து வருஷம் அதைக் கட்டிய மேஸ்திரியைத் திட்டித் தீர்த்தேன். கடைசிக் காலத்தில் எதிரே வந்தபோதுகூடப் பேசவில்லை. இப்போது அவர் இல்லை. தரைக்குச் சாய்வு விட்டு வாய்க்கால் எடுக்காதது நான்.

அது இருக்கட்டும். களிமண்ணைக்கூடச் சமாளிக்கலாம். ஈரம் ஏறி இறங்காத ஆழம் வரை போகலாம், இல்லையென்றால் அடியில் குமிழ் வைத்த பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண், போடலாம். என் தூக்கம் போனது கிணற்றுப் பக்கத்து மூலையால். மற்ற மூன்றிலும் கடப்பாரை 'தங்'கென்றது. இங்கே சத்தமே இல்லை, ஒரே குத்தில் முக்கால் அடி இறங்கியது. 3 அடியில் உடைந்த ஓடு, கரி, ஒரு செருப்பு வார். 7 அடியில் கறுப்புச் சேறு, அழுகின இலை நாற்றம். ஆகர் நுனியில் ஒரு கோலிக்குண்டு.

நாம் தவளை பிடித்த குட்டைடா அது! நீ புதுச் சட்டையோடு விழுந்தாயே, அதேதான். எப்போது மூடினார்கள், எதைக் கொட்டி மூடினார்கள் என்று எதுவும் தெரியவில்லை. அப்பா அந்த மூலையில் ஒரு கூடுகூடக் கட்டாதது ஏன் என்று இப்போது புரிகிறது. கேட்டு வைத்திருக்கலாம்.

எல்லாத் தூணும் ஒன்றாக இறங்கினால் பெரிய சேதமில்லை, ஒன்று மட்டும் இறங்கினால்தான் ஆபத்து. 1173-ல் தொடங்கிய பைசா கோபுரம், கட்டிக்கொண்டிருக்கும்போதே மெத்தென்ற மண் இருந்த பக்கமாகச் சாய்ந்ததாம். "அதைப் பார்க்கக் கூட்டம் வருது, உங்க தொழுவத்தைப் பார்க்க யார் வருவா மாமா?" என்கிறான் பயல்.

குப்பையை எல்லாம் வாரிவிட்டு, அரையடி அரையடியாக மண் கொட்டி திமிசு போட்டு நிரப்பலாம். ஆனால் குட்டை எவ்வளவு பெரிது? தொழுவத்தையே நகர்த்துவதுதான் மேல் என்று எனக்குப் படுகிறது. தெற்கே அதிகம் நகர முடியாது, வேப்பமரம் இருக்கிறது. வேர் ஈரத்தை உறிஞ்சி களியை இன்னும் சுருக்கிவிடும். அதனால் கேட்கிறேன்: நாம் உட்காரும் சாய்ந்த கல் குட்டையின் எந்தக் கரையில் இருந்தது? மேடு பக்கமா, வேலிப் பக்கமா? நீ விழுந்த இடத்திலிருந்து கிணறு எத்தனை எட்டு? ஒரு தாளில் கிறுக்கி அனுப்பு. உன் கணக்கை அப்படியே நம்ப மாட்டேன், ஆகர் போட்டுத்தான் பார்ப்பேன். ஆனாலும் முப்பது துளை போடுவதற்குப் பதில் பத்தோடு முடியும்.

கோலிக்குண்டு பச்சைக்கோடு போட்டது. உன்னுடையது என்று சொல்லத்தான் போகிறாய். தர மாட்டேன்.

உன்
ஒல்லிக்குச்சி