நாமினி இடத்தில் ஒரு பெயர்

பாப்பா,

போன வாரம் மாடியில் மல்லித் தொட்டிக்கு மண் மாற்றினேன். வேரோடு ஒரு மாத்திரை அட்டை வந்தது. பத்தும் பிரிக்காமல் அப்படியே இருந்தன. எழுத்து அழிந்திருந்தாலும் எனக்குத் தெரியாதா? நீ ஒரு பெண்ணை விரும்புகிறாய் என்று தெரிந்ததும், 2016இல் உன்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு டாக்டர் முன்னால் உட்கார வைத்தேனே, 'ஆறு மாதத்தில் சரியாகிவிடும்' என்று அவர் எழுதிக் கொடுத்தது. ஒரு அட்டையைப் புதைத்திருக்கிறாய். மற்றதெல்லாம் விழுங்கினாய். நீ வகுப்பில் தூங்கி விழுகிறாய் என்று காலேஜிலிருந்து போன் வந்தபோதுகூட, மருந்து வேலை செய்கிறது என்றுதான் நினைத்தேன். எழுதியது அவர், தண்ணீரோடு நீட்டியது என் கை. மன்னித்துவிடு என்று கேட்கவே எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

நம் மதுரையிலிருந்து ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு பெண்கள், வீட்டுக்குப் பயந்து சென்னைக்குப் போனார்களே, அந்த வழக்கை இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். இந்த விஷயம் தனக்கு முழுசாகப் புரியவில்லை என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம்தான் 2021 ஜூன் 7 அன்று, மாற்றுகிறேன் என்று யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது என உத்தரவு போட்டார். அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்றது. ஒரு நீதிபதிக்கு வந்த அந்தப் பணிவு, பெற்றவளுக்கு வரவில்லையே என்று அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

உங்களைப் போன்ற ஜோடிகளுக்குக் கல்யாண உரிமை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் கிடைக்கவில்லை. அது நியாயமில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பமாக வாழக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை வெட்டி பீரோவில் வைத்திருக்கிறேன்.

சரி, எனக்குத் தெரிந்த வேலைக்கு வருகிறேன். 31 வருஷம் வங்கிக் கவுன்டரில் இருந்தவள் நான். கூடவே வாழ்ந்தவர் போன பிறகு, பாஸ்புக்கைப் பிடித்துக்கொண்டு, 'நீங்கள் அவருக்கு என்ன உறவு?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். நீயும் உன் துணையாக இருக்கும் அந்தப் பிள்ளையும் அப்படி நிற்கக் கூடாது. உங்களைப் போன்றவர்கள் கூட்டுக் கணக்கு தொடங்கவும், துணையை நாமினியாகப் போடவும் எந்தத் தடையும் இல்லை என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகமே தெளிவாகச் சொல்லிவிட்டது. ரேஷன் கார்டிலும் ஒரே வீட்டாராகச் சேர்க்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் போயிருக்கிறது. கணக்கு தொடங்கும்போது 'எய்தர் ஆர் சர்வைவர்' என்று கேட்டு வாங்கு. ஒருவர் இல்லாவிட்டாலும் மற்றவர் பணம் எடுக்கலாம். கவுன்டரில் யாராவது முகம் சுளித்தால் மேனேஜரைப் பார். அங்கேயும் நடக்கவில்லையென்றால் எனக்குப் போன் போடு, நான் பஸ் ஏறி வருகிறேன்.

உன் பேரில் போட்டு வைத்த டெபாசிட்டில் நாமினி இடத்தில் என் பெயர்தான் இருக்கிறது. எனக்கு 63 ஆகிறது, அங்கே நான் இருக்க வேண்டியதில்லை. மாற்றும் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு. அந்தப் பிள்ளையின் பெயரை இனிஷியலோடு, ஆதாரில் இருக்கிறபடியே அதில் எழுது. உறவு என்ற கட்டத்தை மட்டும் காலியாக விடு. அதை நான் என் கையால் நிரப்புகிறேன்.

அம்மா